தீர்ப்புக்கு முன் தீர்வு

கட்டைபறிச்சான் கமக்காரர் இன்று தம் சொந்த வாகனத்திலேயே மூதூருக்கும், அங்கிருந்து கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்கும் போய் வருகின்றனர். ஒரு காலத்தில் மூதூர்த் துறையில் படகுக்குக் காத்திருந்து, கொட்டியாரக் குடாவைக் கடந்தே பட்டினம் காண வேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், அதையடுத்து இறால்குழி, கங்கை, உப்பாறு ஆகிய துறைகளில் பாலங்கள் எழுந்ததும் அந்த நிலையை மாற்றின. பாதை வந்தது, பாதையோடு வாகனம் வந்தது, வாகனத்தோடு பொலிசாரின் தண்டச் சீட்டும் வந்து சேர்ந்தது.

சிறிய காகிதம்தான். ஆனால், அந்தச் சிறிய காகிதம் ஒரு குடும்பத்தின் ஒரு போகத்து நிம்மதியைக் குலைக்கக்கூடும் என்பதை அண்மையில் நாம் நேரிற் கண்டோம். எம்மை நாடி வந்த கமக்காரர் ஒருவர், நகரத்தில் உரக்கடை ஒன்றின் முன்னே தமது உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். மூடைகளை ஏற்றத் திரும்பி வந்தபோது பொலிசார் நின்றனர். வாகனம் நிறுத்தக் கூடாத இடம் என்றார்கள். அறிவிப்புப் பலகை மரக்கிளைக்குள் மறைந்திருக்கிறது என்று இவர் சொன்னார். சொன்னது காற்றோடு போயிற்று. சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, கையால் எழுதிய சீட்டொன்றைக் கொடுத்தனர். எழுதியிருந்தது இவருக்கு வாசிக்கத் தெரியாத மொழி. வீட்டுக்கு வந்தவர் அதனை வளையிற் செருகிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அறுவடை முடிந்த கையோடு நீதிமன்ற அழைப்பாணை வந்தது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. அடுத்து வந்தது பிடியாணை. உர மூடை ஒன்றின் விலைக்கும் பெறாத ஒரு தண்டத்துக்காக, வாழ்நாளில் ஒரு தடவையேனும் பொலிஸ் நிலையப் படி மிதியாத மனிதர் கூண்டில் ஏறினார்.

இவர் செய்த குற்றம் என்ன? வாகனத்தை நிறுத்தியதைப் பற்றி நாம் கேட்கவில்லை. அதில் இவர் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். பலகை மறைந்திருந்தது உண்மையானால், அது நீதவான் முன் எடுத்துரைக்கத்தக்க எதிர்வாதமே. தண்டத்தைக் கட்டி முடித்திருந்தாலும் சரி, கட்டாமல் நீதிமன்றில் வாதாடியிருந்தாலும் சரி, இரண்டும் சட்டம் திறந்துவைத்த வாயில்கள். இவரோ இரண்டிலும் நுழையாமல் நடுத்தெருவில் நின்றார். அதுவே இவர் செய்த பிழை. இவருடைய பிழை மாத்திரமன்று, நம்மிற் பலருடைய பிழையும் அதுவேயாம். ஆகவேதான் இவ்வாரம் இப்பொருளை எடுத்து எழுதுகிறோம்.

இணக்கமும் அச்சமும்

'வழக்கில் வென்றவன் தோற்றான். தோற்றவன் செத்தான்' என்பது நம் முன்னோர் சொன்ன மொழி. வழக்காடி வயலை இழந்தவர்களையும், வேலி வழக்குக்காக வளவையே விற்றவர்களையும் கண்டு கண்டு பிறந்த மொழி அது. சட்டத்தொழில் செய்யும் நாமே அதனை ஒப்புக்கொள்கிறோம். தீர்ப்புவரை போகாமல் தீர்த்துக்கொள்ளக் கூடிய பிணக்கைத் தீர்ப்புவரை இழுப்பது அறிவுடைமை ஆகாது.

ஆனால், இணக்கம் என்ற பெயரால் நம்மிடையே நடப்பவற்றில் பல இணக்கமே அல்ல. சீருடையைக் கண்டு அஞ்சி, என்ன எழுதியிருக்கிறது என்று கேளாமலே பணத்தைக் கட்டிவிட்டு வருவதை இணக்கம் என்று எவ்வாறு அழைப்பது? 2006ஆம் ஆண்டில் ஊரைவிட்டு ஓடிய மக்கள் நாம். சம்பூர் மக்கள் ஆண்டுக்கணக்காக இதே கட்டைபறிச்சானில் முகாம் கொட்டில்களில் வாழ்ந்ததைக் கண்டவர்கள் நாம். சோதனைச் சாவடிகளில் 'ஆம் ஐயா' என்று சொல்லிப் பழகிய நாவுக்கு 'ஏன் ஐயா' என்று கேட்பது எளிதன்று. அதனை நாம் உணர்வோம். எனினும், போர்க்காலத்தில் உயிரைக் காத்த அந்தப் பழக்கம் இன்று உரிமையைத் தின்று வருகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

இன்னொரு வகை 'இணக்கம்' வீதியோரத்தில் நடைபெறுகிறது. சீட்டு எழுதப்படுமுன்னே, கைக்குள் மடித்த நோட்டொன்று கைமாறும். 'விடயம் முடிந்துவிட்டது' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு போவோரும் உளர். அது முடிந்த விடயமன்று. அங்கேதான் பெரிய குற்றமொன்று தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், வாங்குபவரை மாத்திரமன்றிக் கொடுப்பவரையும் குற்றவாளியாகவே கருதுகிறது. அதற்கு முன் 1954ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த இலஞ்சச் சட்டமும் அவ்வாறே கருதியது. நிறுத்தக் கூடாத இடத்தில் வாகனத்தை நிறுத்தியவர் தண்டத்தோடு போவார். கையூட்டுக் கொடுத்தவர் சிறைவாசலைத் தானே தட்டுகிறார்.

உண்மையான இணக்கத்துக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. அது விளங்கிச் செய்யப்பட வேண்டும். காலத்தோடு செய்யப்பட வேண்டும். எழுத்தில் முடிய வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பின்னொருநாள் வேறு உருவத்தில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்.

பதினான்கு நாள்களின் பெறுமதி

முதலில் இந்நாட்டுத் தண்டச் சீட்டின் இயல்பை அறிந்துகொள்வோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும், சிறு குற்றங்கள் சிலவற்றுக்கு நீதிமன்றம் போகாமலே தண்டம் கட்டி முடிக்கும் வழியை ஏற்படுத்தியுள்ளன. சீட்டுக் கிடைத்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் தபாற் கந்தோரில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். அந்த 14 நாள்களுக்கும் கையிலுள்ள சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரமாகப் பயன்படும். அதன்பின் 28ஆம் நாள்வரை கட்டுபவர் இரு மடங்கு கட்ட வேண்டும். அதுவும் கடந்தால் விடயம் நீதவான் மன்றுக்குப் போகும். கைத்தொலைபேசி மூலம் தண்டம் கட்டும் முறையும் 2025ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தத் தண்டம் ஒரு தீர்ப்பன்று. 'குற்றஞ்சாட்டுகிறோம், ஏற்றுக்கொண்டால் இவ்வளவோடு முடித்துக்கொள்வோம்' என்று அரசு முன்வைக்கும் ஓர் இணக்க அழைப்பு அது. அழைப்பை ஏற்றுப் பணத்தைக் கட்டினால் வழக்கில்லை. ஏற்க மறுப்பவர் நீதிமன்றில் தம் நியாயத்தைச் சொல்லலாம். அங்கே குற்றத்தை எண்பிக்கும் பாரம் பொலிசாரின் தோளில். எனவே, 'கட்டத்தான் வேண்டும்' என்பதும் தவறு. 'கட்டாவிட்டால் என்ன ஆகிவிடும்' என்பதும் தவறு. பிழை நம்முடையதென்று மனச்சாட்சி சொன்னால் முதல் வாரத்திலேயே கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பதே அழகு. பிழை நம்முடையதல்ல என்று நம்பினால், அன்றைக்கே சான்றைச் சேகரிக்க வேண்டும். மறைந்திருந்த பலகையைப் படம் பிடித்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் சாட்சி கேட்டு வைக்கலாம். இடத்தையும் நேரத்தையும் குறித்து வைக்கலாம். மூன்று மாதம் கழித்து மரக்கிளையை யாரோ வெட்டியிருப்பர். பலகை பளிச்சென்று தெரியும். அப்போது நாம் சொல்லும் உண்மை பொய்போல் ஒலிக்கும்.

அழைப்பாணை வந்துவிட்டதா? அப்போதும் கதவு அடைபடவில்லை. குறித்த தினத்தில் மன்றில் தோன்றுபவர் தம் நிலையைச் சொல்லலாம்; குற்றத்தை ஏற்பதாயின் காரணங்களைக் கூறித் தண்டத்தைக் குறைக்குமாறு வேண்டலாம்; மறுப்பதாயின் விசாரணைக்குத் தினம் பெறலாம். தோன்றாதவருக்கே பிடியாணை. நீதிமன்றத்துக்குப் போவது அவமானம் என்று நினைத்து வீட்டில் இருப்பவரைத்தான் அந்த அவமானம் வீடு தேடி வருகிறது.

வாசிக்க முடியாத சீட்டு

விளங்கிச் செய்வதே இணக்கம் என்றோம். வாசிக்க முடியாத சீட்டை விளங்கிக்கொள்வது எவ்வாறு?

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியபோது, தமிழ் மக்கள் தம் சொந்த நாட்டிலேயே எழுத்தறியாதவராக்கப்பட்டனர். பட்டம் பெற்ற ஆசிரியருங்கூட அரசாங்கக் கடிதமொன்றை வாசிப்பிக்க ஆள் தேடி அலைந்த காலம் அது. முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றிலும் அம்மொழிக்குரிய இடத்தை வரையறுத்தது. அதன்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாகப் பதிவேடுகளின் மொழி. இங்குள்ள ஆரம்ப நியாயாதிக்க நீதிமன்றங்களின் பதிவு மொழியும் தமிழே. நீதிமன்ற நடவடிக்கை விளங்காத எவருக்கும் மொழிபெயர்ப்பாளரை வழங்க வேண்டியது அரசின் கடமை.

ஏட்டில் எழுதிய இச்சட்டம் வீதியோரத்தில் நிற்கும் கமக்காரரின் கையிலுள்ள சீட்டில் வந்து இறங்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை. அவர் என்ன குற்றம் செய்ததாகச் சொல்லப்படுகிறது, எவ்வளவு கட்ட வேண்டும், எந்நாளுக்குள் கட்ட வேண்டும், மறுப்பதாயின் எந்த மன்றுக்குப் போக வேண்டும் என்ற நான்கு செய்திகளும் அவருடைய மொழியில் இருத்தல் வேண்டும். குற்றச்சாட்டு விளங்காதவன் செலுத்தும் தண்டம் தண்டமாகாது, அது கப்பம்.

நம்மவர்க்கும் ஒரு கடமை உண்டு. உரிமை கேட்டுப் பெறப்படுவது. 'தமிழில் எழுதித் தாருங்கள்' என்று பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். மறுக்கப்பட்டால் இடம், தினம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அது முறைப்பாடு. நூறுபேர் எழுதினால் அது அரசியல். ஆனால் ஓர் எச்சரிக்கை: மொழி பற்றிய முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகப் பதினான்கு நாள் எண்ணிக்கை நின்றுவிடாது. உரிமைக்கு எழுதும் கையே, காலக்கெடுவையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

மத்தியஸ்த சபையின் எல்லை

'இதனை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோக முடியாதா?' என்று சிலர் எம்மைக் கேட்டனர். முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, அரசு ஒரு தரப்பாக இருக்கும் விடயம் அச்சபைகளுக்குரியதன்று. பொலிசார் எழுதிய தண்டச் சீட்டு அவ்வகையிற் சேரும்.

ஆனால், வாகனம் நிறுத்துவதால் எழும் பிணக்குகள் எல்லாம் பொலிசாரோடு நடப்பவையல்ல. ஒருவருடைய லொறி மற்றவர் வாசலை மறித்து நிற்கிறது. பின்னோக்கி எடுத்த உழவு இயந்திரம் அயலவர் மதிலை இடிக்கிறது. திருவிழா நாளில் காசு வாங்கி வாகனங்களைக் காத்தவரின் வளவில் ஒரு மோட்டார் சைக்கிள் சேதமடைகிறது. இவையெல்லாம் ஆளுக்கு ஆள் உள்ள பிணக்குகள். குறித்த தொகைக்கு உட்பட்ட இத்தகைய பிணக்கை முதலில் மத்தியஸ்த சபைக்கே கொண்டுசெல்ல வேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இன்றி வழக்குத் தாக்கல் செய்ய இயலாது. தொடக்கத்தில் 25,000 ரூபாயாக இருந்த அத்தொகை எல்லை பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டிருக்கிறது. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. எமது தொழிலுக்கு அதனால் நட்டம், ஊருக்கு இலாபம். ஊருக்கு இலாபமானதை நாம் குறை கூறோம்.

இவ்விடத்தில் வரலாறு தரும் பாடமொன்றையும் நினைவூட்டுகிறோம். 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் இணக்க சபைகள் இந்நாட்டில் அமைக்கப்பட்டன. நோக்கம் நல்லது. ஆனால், அச்சபைகளில் அமர்ந்தோரை நியமித்தவர் அமைச்சர். ஆளும் கட்சியின் ஆட்கள் நடுவர்களாக அமர்கிறார்கள் என்ற குறை நாடெங்கும் எழுந்தது. நம்பிக்கை போயிற்று, 1970களின் இறுதியில் அச்சபைகளும் போயின. பின்னர் வந்த மத்தியஸ்த சபைகளுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் பொறுப்பை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது அந்தப் பாடத்தின் விளைவேயாம். நடுவர்மீது நம்பிக்கை இல்லாவிடில் இணக்கம் இல்லை. பழைய ஊர்ப் பஞ்சாயத்திலும் பெரிய வளவுக்காரன் சொல்லுக்குச் சிறியவன் தலையசைத்ததை இணக்கம் என்று எழுதிவைத்த காலம் உண்டு. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்கீழ் மக்கள் நீதிமன்றங்கள் இயங்குகின்றன. வழக்கு நிலுவையில் இருக்கும்போதும், வழக்குத் தொடங்குமுன்பும் இரு தரப்பாரும் அங்கே இணங்கலாம். இணங்கியபின் வழங்கப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேன்முறையீடு இல்லை. ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திருப்பித் தரப்படும். இணங்குபவருக்குச் சட்டமே சலுகை காட்டும் இம்முறையில் நமக்கும் படிப்பினை உண்டு. ஆனால், மேன்முறையீடு இல்லை என்ற சொல்லை மறந்து கையொப்பம் இடக் கூடாது. அவசரத்தில் இட்ட கையொப்பத்தை அழுதாலும் அழிக்க முடியாது.

இலண்டனிலிருந்து வந்த கடிதம்

இனி, கடல் கடந்த நம் பிள்ளைகளின் நிலையைப் பார்ப்போம். கிழக்கிலிருந்து புறப்பட்டு இலண்டனில் வாழ்வோரில் பலர் வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்கள். அங்கே வாகனத் தரிப்புக்கான சீட்டில் இரு வகை உண்டு. நகரசபை தருவது ஒன்று. தனியார் கம்பனி தருவது மற்றொன்று. இரண்டும் பார்வைக்கு உடன்பிறந்தவைபோல் இருக்கும். சட்டத்தில் வேறு வேறு சாதி.

நகரசபைச் சீட்டுக்கு 14 நாள்களுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். மறுப்பதாயின் முதலில் சபைக்கும், பின்னர் சுயாதீன நியாயசபைக்கும் முறையிடலாம். தனியார் கம்பனியின் சீட்டோ தண்டமே அன்று. 'எமது காணியில் எமது நிபந்தனைக்கு உடன்பட்டு நிறுத்தினீர், நிபந்தனையை மீறினீர், இவ்வளவு தருக' என்ற ஒப்பந்தக் கோரிக்கை அது. கம்பனி தானாகத் தீர்ப்பளிக்க முடியாது. நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

தனியார் சீட்டைக் கிழித்தெறியலாம் என்று ஒரு காலத்தில் பலர் புத்தி சொன்னார்கள். 2015 நவம்பரில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் பீவிஸ் வழக்கில் வழங்கிய தீர்ப்பு அந்தப் புத்தியை முடித்துவைத்தது. செம்ஸ்போர்ட் நகரில் இரண்டு மணிநேரம் இலவசமாக நிறுத்தக்கூடிய இடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்றவரிடம் 85 பவுண் கேட்கப்பட்டது. அது நியாயமற்ற தண்டம் என்ற வாதம் தோற்றது. தெளிவான அறிவிப்புப் பலகைகள் இருந்ததும், இடத்தை ஒழுங்குபடுத்துவதில் கம்பனிக்கு நியாயமான நலன் இருந்ததும் அத்தீர்ப்பின் அடிப்படைகள். ஆகவே, பலகை தெளிவாக இல்லாத இடத்தில் எதிர்வாதம் இன்னும் உயிரோடிருக்கிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, வாகனத்தின் பதிவு உரிமையாளரிடம் பணம் கேட்பதற்கும் காலவரம்பும் முறையும் உண்டு. அவற்றை மீறிய கடிதமும் கேள்விக்குரியதே.

கடிதத்துக்குக் கடிதம் தொகை ஏறும். எழுத்தின் நிறம் சிவப்பாகும். வசூல் முகவர் பெயரால் மிரட்டல் வரும். வசூல் முகவர் நீதிமன்ற அலுவலர் அல்லர். ஆனால், 'வழக்குக்கு முந்திய கடிதம்' வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். கடன் கோரிக்கைக்குரிய நடைமுறைப்படி, பதிலளிக்க 30 நாள்கள் தரப்படுகின்றன. இணக்கத்துக்கு ஏற்ற காலம் அதுவே. நம் பக்கம் பலவீனமாயின், ஏற்றிக் கூட்டிய செலவுகளை நீக்கிவிட்டு மூலத்தொகையை ஏற்குமாறு எழுதலாம். நம் பக்கம் வலுவாயின் காரணங்களைக் காட்டிக் கோரிக்கையைக் கைவிடுமாறு எழுதலாம். இணக்கத்துக்காக எழுதும் கடிதத்தில் 'எமது உரிமைகளுக்குப் பங்கமின்றி' என்ற சொற்றொடரை மேலே இடுதல் வேண்டும். பேச்சு முறிந்தால், விட்டுக்கொடுக்க முன்வந்ததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீதிபதி முன் காட்ட அது இடம்கொடாது.

நீதிமன்றக் கோரிக்கைப் படிவமே வந்துவிட்டால் 14 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். படிவம் கிடைத்ததை அறிவித்து, எதிர்வாதம் தாக்கல் செய்வதற்கு 28 நாள்வரை பெறலாம். இங்கேதான் நம்மவர் பலர் இடறி விழுகின்றனர். கம்பனியின் சட்டத்தரணிகளோடு தொலைபேசியிற் பேசிவிட்டு, 'பேச்சு நடக்கிறது' என்று எதிர்வாதம் தாக்கல் செய்யாமல் இருந்துவிடுகின்றனர். பேச்சு நடக்கும்போதும் காலம் நடக்கிறது. கெடு முடிந்ததும், விசாரணையின்றியே தீர்ப்பு விழுகிறது. அத்தீர்ப்பை ஒரு மாதத்துக்குள் முழுமையாகக் கட்டினால் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். தவறினால் ஆறு ஆண்டுகள் அது பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வீடு வாங்கக் கடன் கேட்கும்போதும், வாடகைக்கு வீடு தேடும்போதும் அந்தப் பழைய வாகனச் சீட்டு எழுந்து வந்து சாட்சி சொல்லும்.

எதிர்வாதம் தாக்கல் செய்தபின்னும் இணக்கத்துக்கு வாயில் உண்டு. 2024 மே 22 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான சிறு பணக் கோரிக்கைகளில் இரு தரப்பாரும் தொலைபேசி வழி மத்தியஸ்தத்தில் கலந்துகொள்வது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. ஒரு மணிநேர அலுவல். கலந்துகொள்வதுதான் கட்டாயம், இணங்குவது கட்டாயமன்று. ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்குப் பிள்ளைகள் அருகிருந்து உதவட்டும். இணங்கினால், எவ்வளவு, எந்நாளுக்குள், இத்தொகையோடு முழுக் கோரிக்கையும் முடிகிறதா, வழக்கு மீளப் பெறப்படுகிறதா என்ற நான்கையும் எழுத்திற் பெற்றபின்பே பணம் செலுத்த வேண்டும். பணம் கட்டியும் வழக்கை மூடாமல் விட்டால், கட்டியவருக்கு எதிராகவே தீர்ப்பு விழக்கூடும்.

எழுத்தின் அவசியத்தை ஆங்கிலேயர்தான் கண்டுபிடித்தார்கள் என்பதில்லை. நம் நாட்டின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 408ஆம் பிரிவும், தரப்பினர் சட்டப்படி இணங்கியதை மன்றுக்கு அறிவித்தால் அதற்கமையவே தீர்ப்பாணை வழங்க வழிசெய்கிறது. இணக்கம் வாயோடு நின்றால் அது நினைவு. மன்றின் ஏட்டில் ஏறினால் அது கவசம்.

நாம் வேண்டுவது

இவை யாவும் சில்லறை விடயங்கள் என்று எண்ணுவோர் இருக்கலாம். காணிப் பறிப்பும், காணாமற் போனோர் பிரச்சினையும் கண்முன் நிற்கும்போது வாகனச் சீட்டைப் பற்றி ஓர் ஆசிரிய தலையங்கமா என்று கேட்கவும் கூடும். கேட்பவர்க்கு எமது மறுமொழி இது: அரசு என்பது சாதாரண குடிமகனுக்குப் பாராளுமன்றத்தில் தெரிவதில்லை, கையிலே திணிக்கப்படும் ஒரு காகிதத்திலேயே தெரிகிறது. அந்தக் காகிதத்தை வாசித்து, எண்ணி, ஏற்கவோ மறுக்கவோ தெரிந்த மனிதன், நாளைக்குக் காணி உறுதியோடு வரும் அறிவித்தலுக்கும் அஞ்ச மாட்டான். சிறிய காகிதத்துக்குத் தலை குனிந்தவனைப் பெரிய காகிதம் எளிதில் மடக்கிவிடும்.

ஆகவே, அரசிடம் நாம் வேண்டுவன மூன்று. தண்டச் சீட்டின் ஒவ்வொரு வரியும் பெறுபவரின் மொழியில் எழுதப்படுக. வாகனம் நிறுத்தக் கூடாத இடங்களில் பிழையற்ற தமிழில், கண்ணுக்குத் தெரியும் பலகைகள் நாட்டப்படுக; பலகை இல்லாத இடத்தில் சீட்டு எழுதுதல் நிறுத்தப்படுக. மத்தியஸ்த சபைகளில் கட்சி வாலாயமற்ற, ஊரார் மதிக்கும் ஆண்களும் பெண்களும் அமர்த்தப்படுக.

நம் படித்தோரிடம் வேண்டுவது ஒன்று. சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, அலுவலர்களே! வாரத்தில் ஒரு மாலையை ஊர் வாசிகசாலைக்குக் கொடுங்கள். கமக்காரர் மடியில் மடித்துக்கொண்டு வரும் காகிதத்தை வாங்கி வாசித்துச் சொல்லுங்கள். கெடுத்தினத்தைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டுக் கொடுங்கள். இலண்டனிலிருந்து கைத்தொலைபேசியில் வரும் கடிதத்தையும் வாசியுங்கள். இதற்குப் பெரிய நிதியும் வேண்டாம், சங்கமும் வேண்டாம். ஒரு மேசையும் ஒரு விளக்கும் போதும்.

நம் கமக்காரரிடம் வேண்டுவதும் ஒன்றுதான். வயலில் மடை உடைந்தால் விடியட்டும் என்று நீங்கள் படுப்பதில்லை. மண்வெட்டியோடு இரவிலேயே இறங்குகிறீர்கள். ஒரு கூடை மண்ணால் அடைக்கும் உடைப்பு, விடிந்தபின் வரம்பையே கொண்டுபோய்விடும் என்பதை உங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தண்டச் சீட்டும் அத்தகைய உடைப்புத்தான். அதனை வளையிற் செருகாதீர்கள். அன்றைக்கே யாரிடமாவது வாசிப்பித்து, கட்டுவதா மறுப்பதா என்பதை அந்த வாரத்திலேயே முடிவு செய்யுங்கள்.

முன்னே சொன்ன கமக்காரரின் வழக்கு ஒருவாறு முடிந்தது. தண்டத்தைக் கட்டி, அனுமதிப்பத்திரத்தையும் மீளப் பெற்றுவிட்டார். பலகை மறைந்திருந்ததா இல்லையா என்பதை மாத்திரம் கடைசிவரை எவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப்பட்டிருக்க வேண்டிய நியாயம் ஒன்று, பதினான்கு நாள் மௌனத்தால் விசாரிக்கப்படாமலே போயிற்று. இனியொருவருக்கு அவ்வாறு நேராதிருக்கட்டும்.